கிழியாத கோரி

எங்கள் பக்கத்து வீட்டு மெர்வ் பெங்கெல்லி ஒரே ஒரு புகைப்படத்தைச் சேமிப்பதற்காகப் பொத்தானை அமுக்கியபோது போர்ட் ட்ரெவின் ஊர் முழுக்க விளக்குகள் மங்கிப்போயின. கடலில் முழங்கால் தண்ணீரில் நின்று நண்டு வாரிக்கொண்டிருந்தவர்கள் கிரகணம் என்று நினைத்துக் கரையேறினார்கள். பெலிக்கன்கள் பகலென்றும் பாராமல் அடையப் போய்விட்டன. சரி, சரி. ஊர் முழுக்க இல்லை, எங்கள் தெருவில் பாதி. கிரகணம் என்று நினைத்தவரும் ஒரே ஒருவர்தான். அவருக்கு அன்று பியர் உள்ளே போயிருந்ததால் எதுவும் கிரகணமாகத் தெரியக்கூடிய நிலை. ஆனால் படம் பெரியது என்பது மட்டும் சத்தியம். ஆறு ஜிகாபைட் டிஃப். அதில் ஒரு பைட்டைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

இப்படி ஒரு படத்தைப் பெற்றெடுக்கிறவர்கள் தனி இனம். படவடிவப் பண்டிதர் என்று நான் அவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் ஊரிலும் இருப்பார்கள். உங்கள் அலுவலகத்தில் கட்டாயம் ஒருவர் இருப்பார். கண்டுபிடிப்பது சுலபம். ஒரு படத்தைக் காட்டினால் நீங்களும் நானும் படத்தைப் பார்ப்போம். பண்டிதர் படத்தின் வாலைப் பார்ப்பார். வால் என்றால், பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்துத் தொங்கிக்கொண்டிருக்குமே, ஜேபெக், பி.என்.ஜி, டிஃப் என்று, அந்த வால். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. இவர்கள் வாலைப் பிடித்தே மாட்டின் குலம் கோத்திரம் எல்லாம் சொல்லிவிடுவார்கள். பால் கறக்குமா என்று மட்டும் கேட்கமாட்டார்கள்.

யாராவது பிறந்த குழந்தையின் படத்தை நீட்டினால், "அழகு, அழகு" என்று சொல்லிக்கொண்டே மெர்வ் இரண்டு விரலால் குழந்தையின் கன்னத்தைப் பெரிதாக்குவார், இன்னும் பெரிதாக்குவார், கன்னம் கட்டம் கட்டமாக உடையும்வரை பெரிதாக்குவார், பிறகு பெருமூச்சு விட்டபடி போனைத் தாயிடம் திருப்பிக் கொடுத்து, "குழந்தைக்கு ஒண்ணும் இல்ல, கம்ப்ரெஷன்தான்" என்பார். அந்தத் தாய் அன்று இரவே குழந்தையை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள் என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பவேண்டாம். ஓட நினைத்தாள்.

எட்னா ட்ரெலோர் இறந்தபோது தேவாலயத்தில் திரை கட்டி அவருடைய சின்ன வயதுப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார்கள். ஊரே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. மெர்வும் அழுதார். பக்கத்திலிருந்தவர் அவர் கையைப் பிடித்து, "ரொம்பப் பழக்கமோ?" என்று கேட்டார்.

"இல்லப்பா," என்றார் மெர்வ். "எவனோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அத திரும்ப ஜேபெக்கா சேவ் பண்ணியிருக்கான். அந்தம்மா மூஞ்சியப் பாரு. போனதுக்கு அப்புறமும் நிம்மதி இல்ல."

ஏனென்றால் பண்டிதருடைய மதத்தில் ஒரே ஒரு பாவம்தான் உண்டு. அதற்குப் பெயர் நஷ்டம். ஜேபெக் என்பது குளியலறைச் சோப்பு. ஒவ்வொரு முறை எடுத்துத் தேய்த்து வைக்கும்போதும் கொஞ்சம் கரையும். டிஃப் என்பது கருங்கல். பி.என்.ஜி படித்த பிள்ளை, ஆனால் அச்சகத்துக்குப் போனால் விழிக்கும். ரா என்பது கேமராவின் கர்ப்பத்திலிருந்து அப்படியே வந்த அமுதம், அதை யாரும் குடிக்கக் கூடாது, வைத்துக் கும்பிட வேண்டும். இதில் எதுவும் பொய் இல்லை என்பதுதான் வேடிக்கை. பண்டிதர் சொல்வது எல்லாமே உண்மை. அவரோடு நமக்கு வரும் தொல்லைகளுக்கெல்லாம் அந்த உண்மைதான் காரணம்.

நீங்கள் எதைக் கேட்டாலும் அவர் பதிலுக்கு மூன்று கேள்வி கேட்பார். "எதுக்கு? அச்சுக்கா, திரைக்கா, காலத்துக்கா?" அருமையான கேள்வி. இதைவிடச் சரியான கேள்வியை எந்த நிபுணரும் கேட்டுவிட முடியாது. குறை ஒன்றுதான்: நீங்கள் பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது அவர் பிரசங்கத்தில் பாதி வழி போயிருப்பார்.

அவர் எடுத்த படத்தை யாராவது பார்த்திருக்கிறார்களா? அதை அவர் மனைவி க்ளெனிஸிடம் கேளுங்கள். மெர்வ் எங்கள் ஊர் கேமரா சங்கத்துக்குத் தலைவர், மெத்தை வைத்த பெட்டியில் வன்தட்டைத் தூக்கிக்கொண்டுதான் கூட்டத்துக்குப் போவார், அதற்கு ஒரு நகல், நகலுக்கு ஒரு நகல், அது தீப்பிடித்தால் என்ன செய்வது என்று அடிலெய்டில் இருக்கும் மைத்துனர் வீட்டில் இன்னொரு நகல். ஆனால் அவர்கள் வீட்டு முன்னறைச் சுவரில் ஒரு படம் கிடையாது. ஆணி மட்டும் இருக்கிறது.

"எங்க கல்யாணப் படம் அதுல மாட்டியிருந்துச்சு," என்பாள் க்ளெனிஸ். "ஒழுங்கா ஸ்கேன் பண்றேன்னு கழட்டினாரு. எந்த வடிவத்துல வைக்கிறதுன்னு இன்னும் முடிவாகல. நான் ஆணியத் துடைச்சுக்கிட்டு இருக்கேன்."

இனத்தைப் பார்த்தாயிற்று. இனி, இந்த இனத்திடம் ஒரு நல்ல மனுஷி மாட்டிக்கொண்ட கதை.

ராலீன் கிட்டோ எங்கள் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். பெலிக்கன்ஸ் கால்பந்துக் குழுவின் பேனர் கமிட்டிக்குத் தலைவி. இரண்டாவது வேலைக்குச் சம்பளம் இல்லை, ஆனால் அதுதான் அவளுக்கு உத்தியோகம். பெரிய ஆட்டங்களின்போது மைதான வாசலில் இரண்டு கம்புகளுக்கு நடுவே ஒரு காகித பேனரைத் தூக்கிப் பிடிப்போம். ஆட்டக்காரர்கள் அதைக் கிழித்துக்கொண்டு உள்ளே பாய்ந்து வருவார்கள். வாரம் முழுக்க ஆண்களும் பெண்களுமாக மைதானத்தை ஒட்டியிருக்கும் எங்கள் மன்றத்துத் தரையில் மண்டியிட்டு, க்ரேப் தாளைப் பட்டை பட்டையாக ஒட்டி, எழுத்து வெட்டி, பெலிக்கனுக்கு மூக்கு வைத்து, அலகு கோணலாகிவிட்டது என்று சண்டை போட்டு, சமாதானமாகி, பேஸ்டி தின்று, தூக்கி நிறுத்துவது எதற்கு? கண்ணை மூடித் திறப்பதற்குள் கிழிவதற்கு. நடுவில் யாருக்கும் தெரியாமல் ஒரு கீறல் போட்டு லேசாக ஒட்டி வைப்பாள் ராலீன். ஆட்டக்காரனின் முழங்கால் பட்டவுடன் 'பர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரவேண்டும். அந்தச் சத்தம்தான் அவள் கலை. மைதானத்தில் மற்றவர்கள் கைதட்டும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டு அதை மட்டும் கேட்பாள்.

அந்த வருஷ இறுதி ஆட்டம் அவள் தம்பி கோரிக்கு முந்நூறாவது ஆட்டம். குழுவுக்குத் தலைவனும் அவன்தான். அவர்கள் அப்பா, தோள்பட்டை உடைந்து, முந்நூறுக்கு இரண்டு குறைவாக நின்றுபோனவர். கோரிக்கோ முழங்கால் போய்க்கொண்டிருந்தது. இந்த வருஷத்தோடு மூட்டை கட்டு என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முந்நூறு ஆடியவன் தன் முகம் போட்ட பேனரைக் கிழித்துக்கொண்டு முதல் ஆளாக ஓடி வருவது எங்கள் ஊரில் கல்யாணத்தைவிடப் பெரிது. கல்யாணம் வேண்டுமானால் திரும்பப் பண்ணிக்கொள்ளலாம். பண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆகவே முகம் வேண்டும். ராலீனின் போனில் கோரி எல்லோர் தலைக்கும் மேலே எம்பி, நாக்கை நீட்டிக்கொண்டு பந்தைப் பிடிக்கிற படம் ஒன்று இருந்தது. அதை மெர்விடம் கொடுத்தால் பெரிதாக்கித் தருவார் என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லிவிட்டான்.

"மெர்வ், படத்த உங்களுக்கு அனுப்பியிருக்கேன். பேனர் நடுவுல ஒட்டணும். கொஞ்சம் பெருசாக்கிக் குடுங்களேன்."

"எதுக்கு? அச்சுக்கா, திரைக்கா, காலத்துக்கா?"

"சனிக்கிழமைக்கு."

"அதில்ல கண்ணு, நான் கேக்குறது... இரு. எப்படி அனுப்புனே?"

"மெசேஜ்லதான்."

"மெசேஜ்லயா!" குழந்தையைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டு வந்தவளைப் பார்த்துக் கேட்கிற குரல். "ராலீன், எனக்கு வந்து சேர்ந்தது கோரி இல்ல. கோரியோட ஆவி. முழு ரத்தத்தையும் உறிஞ்சிட்டுத்தான் அனுப்புவாங்க. இத வச்சு நான் என்ன பண்ண?"

அன்று மாலையே ஒரு இணைப்புக் கம்பியைத் தூக்கிக்கொண்டு மன்றத்துக்கு வந்து, அவள் போனிலிருந்து அசல் படத்தை, ஆபரேஷன் செய்கிறவர் மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு உறிஞ்சி எடுத்தார். எடுத்து முடித்து நிமிர்ந்தவர் தரையில் கிடந்த பேனரைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே கையால் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

பேனரின் நடுவில், படம் இந்த இடத்தில் வரும் என்று அடையாளத்துக்காக, ராலீன் அந்த மெசேஜ் படத்தையே பள்ளிக்கூட இயந்திரத்தில் சாதாரணத் தாள்களாக அடித்து, துண்டு துண்டாகச் சேர்த்து ஒட்டியிருந்தாள்.

"என்னது இது?"

"கோரி."

"மூக்கப் பாரு. மூக்கா இது? செங்கல் அடுக்கி வச்ச மாதிரி இருக்கு."

"கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க, மெர்வ்."

"நான் ஏன் தள்ளி நிக்கணும்?" என்றார் மெர்வ்.

இந்த ஒரு வாக்கியத்தைக் கல்லில் வெட்டி கேமரா சங்கத்து வாசலில் வைக்கலாம். தள்ளி நின்று பார்த்தால் உலகம் நன்றாகத்தான் இருக்கிறது. பண்டிதருக்கு அது பிடிக்காது.

அதற்குப் பிறகு வாரம் ஓடியது. செவ்வாய்க்கிழமை போன் செய்தாள், படம் 'திறந்துகொண்டிருக்கிறது' என்றார். புதன்கிழமை, வண்ணங்களை எந்தக் குடும்பத்தில் வைப்பது என்று யோசிப்பதாகச் சொன்னார். "ஜேபெக்லயே குடுத்துடுங்க, பரவால்ல" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள் பாவம். அன்று அவள் அடுப்பில் வைத்திருந்த சூப் வற்றி, பாத்திரம் கருகி, பாத்திரத்தின் கைப்பிடி உருகி... சரி, கைப்பிடி உருகவில்லை. ஆனால் பிரசங்கம் முடிந்தபோது அவள் பிள்ளைகள் ரொட்டி தின்றுவிட்டுத் தூங்கிப்போயிருந்தார்கள்.

வியாழக்கிழமை க்ளெனிஸ் எடுத்தாள்.

"படம் எந்த அளவுல இருக்கு, க்ளெனிஸ்?"

"இப்பத்தான் உன் தம்பியோட இடது மூக்குத் துவாரத்துக்குள்ள எறங்கியிருக்காரு. சாப்பாட்டுக்கு வருவாருன்னு நெனக்கிறேன்."

அன்று பிற்பகல்தான் அந்தப் பொத்தான் அமுக்கப்பட்டது, விளக்குகள் மங்கின. பிறந்த பிள்ளை ஆறு ஜிகாபைட். அதை எங்கள் ஊர் இணையத்தில் அனுப்பினால் கோரியின் பேரன் ஆட வரும்போதுதான் போய்ச் சேரும் என்பதால், மெர்வ் வன்தட்டை மீன் வைக்கும் ஐஸ் பெட்டிக்குள் துண்டு சுற்றி வைத்து, ஐஸ் பெட்டியைக் காரின் முன் இருக்கையில் வைத்து, அதற்கு இருக்கைப் பட்டையும் மாட்டி, க்ளெனிஸைப் பின்னால் உட்காரச் சொல்லி, அடிலெய்டுக்கு ஓட்டினார். வழியெல்லாம் வேகத்தடை வந்தால் ஐஸ் பெட்டியைப் பார்த்து "மன்னிச்சுக்கோ" என்றாராம். பின்னாலிருந்த க்ளெனிஸின் தலை கூரையில் இடித்ததற்கு ஒன்றும் சொல்லவில்லையாம்.

அங்கே பெரிய பெரிய படம் அடித்துத் தரும் ஒருவர் இருந்தார். மெர்வ் கொண்டுபோன படத்தைத் திறந்தவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். இருபது வருஷமாக ஜனங்கள் கொண்டுவந்து கொடுக்கும் தபால்தலை அளவு படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி நொந்துபோன மனிதர். இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அவர் கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டார்:

"எவ்வளவு நாள் தாங்கணும்?"

மெர்வ் நெஞ்சை நிமிர்த்தி, வாழ்நாள் முழுக்க யாராவது தன்னை இப்படிக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்போல, சொன்னார்:

"காலத்துக்கும்."

சரியான விடை, 'நாலு நொடி'. அதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை. க்ளெனிஸ் வெளியே தலைவலிக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தாள்.

சனிக்கிழமை. மைதானத்தைச் சுற்றிக் கார்கள் மூக்கை உள்ளே நீட்டி வரிசையாக நின்றுவிட்டன, வெங்காயம் வதங்கும் வாசனை வந்துவிட்டது, டன்பார்க் ஊர்க்காரர்கள் தங்கள் பேனரைக் கிழித்து உள்ளே வந்து தொடையைத் தட்டிக்கொண்டு நிற்கிறார்கள், மெர்வ் இன்னும் வரவில்லை. ராலீன் நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டுக் கையுறையைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கார் வந்தது. கமிட்டியிலிருந்த நாலு அப்பாக்கள் ஓடிப்போய் ஒரு பெரிய சுருளைத் தோளில் தூக்கி வந்தார்கள். பிரித்துக் கம்புகளில் கட்டி நிமிர்த்தினார்கள். நடுவில் ஒட்டுகிற படத்தை மட்டும்தான் கேட்டிருந்தாள். மெர்வ் பேனர் மொத்தத்தையும் ஒரே விரிப்பாக அடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

கூட்டம் வாயைப் பிளந்தது. பொய் சொல்லக் கூடாது: அப்படி ஒரு படத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. கோரியின் நாக்கில் இருந்த புள்ளிகளை எண்ணலாம். வியர்வைத் துளிக்குள் எதிரே நிற்கும் ஆள் தெரிந்தான். பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர், கோரியின் கடைவாய்ப் பல்லில் சொத்தை இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். இருந்தது.

ராலீனுக்குக் கண் கலங்கியது. கிட்டே போய்த் தம்பியின் கன்னத்தைத் தொட்டாள். தொட்ட கை அங்கேயே நின்றது. தட்டிப் பார்த்தாள். 'டொம், டொம்' என்றது.

"மெர்வ்."

"சொல்லு கண்ணு."

"இது என்ன தாள்?"

"தாளா! தாள்ல அடிச்சா மை ஊறிடும், நுணுக்கம் எல்லாம் நஷ்டம். இது ஃப்ளெக்ஸ். பெரிய லாரிக்குப் பக்கவாட்டுல கட்டுவாங்க பாரு, அது. உள்ள நூல் ஓடும்."

"கிழியுமா?"

"கிழியவா?" மெர்வ் வாய்விட்டுச் சிரித்தார். "நீ ஒண்ணு. புயல் அடிச்சாலும் கிழியாது. பயப்படாத."

ராலீனின் முகம் போன போக்கை எந்த வடிவத்திலும் சேமிக்க முடியாது.

"கத்தி!" என்று கத்தினாள். "யாராவது கத்தி குடுங்க!" உணவுக் கடையிலிருந்து ரொட்டி வெட்டும் கத்தி வந்தது. படத்துக் கோரியின் மார்பில் வைத்து அறுத்தாள். ஃப்ளெக்ஸ் அறுபடாமல் பல்லைக் காட்டிச் சிரித்தது. மெர்வ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அடியே கொலகாரி, அது முந்நூறு டிபிஐ!" என்று அலறினார். அலறியது யாருக்குக் கேட்டது? ஒலிபெருக்கியில் பெலிக்கன்ஸ் பாட்டுப் போட்டுவிட்டார்கள். உடைமாற்றும் அறைக் கதவு திறந்தது. கோரி, ஒரு முழங்காலில் கட்டோடு, கண்ணில் தண்ணீரோடு, அப்பாவின் பழைய கழுத்துத் துண்டை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, பின்னால் இருபது தடியன்களோடு, ஓடிவர ஆரம்பித்தான்.

"கோரி! நில்லுடா! சுத்தி வாடா! கோரி!"

அக்கா உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்து அவன் இன்னும் வேகம் எடுத்தான்.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல? கோரி கிட்டோ கோரி கிட்டோவின் மேல் மோதினான். 'பர்ர்ர்' வரவேண்டிய இடத்தில் 'தொம்' என்று ஒரு சத்தம் வந்தது, அடிலெய்டில் கேட்டிருக்கும். ஃப்ளெக்ஸ் உள்வாங்கியது, ஒரு கணம் யோசித்தது, பிறகு அவனை அப்படியே வந்த வழிக்குத் திருப்பி அனுப்பியது. வந்துகொண்டிருந்த இருபது பேரும் தலைவன் முன்னால் போவான் என்றுதான் பழகியிருந்தார்கள்; முன்னாலிருந்து பின்னால் வருவான் என்று எதிர்பார்க்கவில்லை. குவிந்தார்கள். குவியலின் கனத்தில் ஃப்ளெக்ஸ் சாய்ந்தது; கம்பைப் பிடித்திருந்த நாலு அப்பாக்களும் விடவில்லை, விடக்கூடாது என்று ராலீன் சொல்லியிருந்தாள், ஆகவே அவர்களும் கூடவே போனார்கள்; கடைசியில் புல்தரையில், மாவுக்குள் உருளைக்கிழங்கையும் கறியையும் வைத்து மடித்த பேஸ்டி மாதிரி, பெலிக்கன்ஸ் குழு மொத்தமும் கோரியின் முகத்துக்குள் மடிந்து கிடந்தது.

 பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ராலீன் வேலியைத் தாண்டி ஓடினாள். அவள் மனதில் ஓடியது ஒன்றே: முழங்கால். அப்பாவுக்குத் தோள்பட்டை, இவனுக்கு முழங்கால், அதுவும் நான் கட்டிய பேனரில். ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். ஒரு கால் வந்தது. அது வேறு யாருடையதோ. இன்னும் இழுத்தாள். அடியில் கோரி. குலுங்கிக்கொண்டிருந்தான். அழுகிறான் என்று நினைத்து மண்டியிட்டாள்.

"எங்கடா வலிக்குது? சொல்லுடா!"

"வயிறு," என்றான் கோரி, மூச்சு வாங்க. "சிரிச்சு சிரிச்சு. அக்கா... என் மூஞ்சி என்னையே அடிச்சிருச்சுக்கா..."

அவ்வளவுதான். மைதானம் உடைந்தது. டன்பார்க் ஆட்டக்காரர்களில் ஒருவன் நிற்க முடியாமல் உட்கார்ந்தான், ஒருவன் கம்பத்தைக் கட்டிப்பிடித்தான், நடுவர் ஊதலை வாயிலிருந்து எடுக்காமல் சிரித்ததால் அது பாட்டுக்கு ஊதியது.

ஆனால் ராலீன் சிரிக்கவில்லை. எழுந்தாள். "உள்ள போடா," என்றாள்.

"என்ன?"

"திரும்ப உள்ள போ. எல்லாரும் போங்கடா. நான் சொல்லும்போது வாங்க."

மன்றத்துத் தரையில் அந்த க்ரேப் தாள் பேனர் இன்னும் கிடந்தது: கோணல் அலகுப் பெலிக்கன், நடுவில் பள்ளிக்கூட இயந்திரத்தில் அடித்த அடையாளப் படம், அதன் பின்னே யாருக்கும் தெரியாத கீறல். கமிட்டிக்காரர்கள் ஓடிப்போய் அதைத் தூக்கி வந்தார்கள். காற்றில் சடசடத்தது. நடுவர் கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி திரும்பி நின்றுகொண்டார். அவருக்கும் எங்கள் ஊர்தான் மாமியார் வீடு. கிட்டே நின்றவர்களுக்கு அது செங்கல் குவியல். வேலிக்கு அப்பால், மைதானத்தின் மறுகோடியில், கார்களுக்குள் இருந்தவர்களுக்கு அது கோரி. வேறு யாராகவும் இருக்க முடியாத கோரி.

கதவு திறந்தது. நொண்டிக்கொண்டு வந்தான், ஓட்டமாக மாறியது, எம்பினான்.

பர்ர்ர்ர்.

ராலீன் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

ஆட்டத்தில் யார் ஜெயித்தது? நாங்கள்தான், ஒரே ஒரு புள்ளியில். முதல் கால்பகுதி முழுக்கத் தன் ஆட்கள் சிரிப்பிலிருந்து மீளவே இல்லை என்று டன்பார்க் தலைவன் இன்றைக்கும் வழக்குப் பேசுகிறான். இருக்கட்டும்.

மெர்வ் என்ன ஆனார் என்று கேட்கிறீர்கள். வெட்கப்பட்டாரா, மன்னிப்புக் கேட்டாரா, திருந்தினாரா? இனத்தின் இயல்பு தெரியாமல் பேசாதீர்கள். கோரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் ஆடிக்கொண்டிருந்தபோது, அவர் புல்தரையில் குனிந்து, கிழிந்த தாளில் மூக்கு இருந்த துண்டைத் தேடி எடுத்து வந்து ராலீனிடம் நீட்டினார்.

"பாத்தியா? ஓரமெல்லாம் கட்டம் கட்டமா இருக்கு. நான் அப்பவே சொன்னேன்."

ராலீன் அவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டாள். அவருக்கு ஏன் என்று இன்னும் புரியவில்லை.

அந்த ஃப்ளெக்ஸ் இப்போது கோரியின் வைக்கோல் போருக்கு மேல் கிடக்கிறது. மூன்று புயல் பார்த்துவிட்டது, ஒரு நூல் பிரியவில்லை. நெடுஞ்சாலையில் போகிறவர்கள் வானத்தைப் பார்த்து நாக்கை நீட்டும் ராட்சத முகத்தைக் கண்டு வண்டியை நிறுத்துகிறார்கள். காலத்துக்கும் என்றார் அல்லவா, சொன்னபடி நிற்கிறது.

கோரி தன் முகத்தில் மோதித் திரும்பி வரும் அந்தக் கணத்தை யாரோ போனில் பிடித்திருந்தார்கள். அது மெசேஜில் வந்து, மெசேஜில் போய், ஸ்கிரீன்ஷாட் ஆகி, அதன் ஸ்கிரீன்ஷாட் ஆகி, கை மாறி மாறித் தேய்ந்து, இப்போது ஊரில் எல்லா ஃப்ரிட்ஜ் கதவிலும் ஒட்டியிருக்கிறது. கோரி எது, ஃப்ளெக்ஸ் எது என்று தெரியாது. பார்த்தவுடன் சிரிப்பு மட்டும் வரும். க்ளெனிஸ் அதை மருந்துக் கடையில் இருக்கும் படம் அடிக்கும் இயந்திரத்தில் அடித்து, சட்டம் போட்டு, முன்னறை ஆணியில் மாட்டிவிட்டாள். மெர்வ் அந்தப் பக்கம் போகும்போது கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போகிறார்.

இதைப் படித்துச் சிரித்துவிட்டு, நல்ல வேளை நாம் அப்படியில்லை என்று எழுந்துவிடப் பார்க்கிறீர்களா? கொஞ்சம் உட்காருங்கள். விருந்தாளி பசியோடு காத்திருக்க, காப்பிக்கொட்டையை எந்தச் சூட்டில் வறுத்தது என்று விளக்குகிறவர் யார்? கடிதத்துக்குப் பதில் எழுதாமல் எந்தப் பேனாவால் எழுதுவது என்று யோசிக்கிறவர்? அதெல்லாம் வேண்டாம், ஒரே ஒரு சோதனை போதும். தொடக்கத்தில் நான் படத்தின் அளவையும் வாலையும் சேர்த்து எழுதிய இடத்தில், உங்கள் புருவம் லேசாக, மிக லேசாக, மேலே ஏறியதா? ஏறியிருந்தால், தங்கள் இனம் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுச் சுவரில் ஆணி இருக்கிறதா என்று மட்டும் போய்ப் பாருங்கள்.

இதை நான் பெங்கெல்லி வீட்டுச் சமையலறையில் உரக்கப் படித்துக் காட்டினேன். க்ளெனிஸ் சிரித்துச் சிரித்து மேஜையில் தலையை வைத்துவிட்டாள். மெர்வ் மட்டும் கடைசிவரை ஆடாமல் அசையாமல் கேட்டார். தன்னை இவ்வளவு கேலி செய்ததற்குக் கோபித்துக்கொள்வாரோ என்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பயம்தான். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, என் தாள்களை வாங்கி, முதல் பக்கத்தில் விரலை வைத்தார்.

"விளக்கு மங்கினது படத்தால இல்ல, க்ளெனிஸ் ஹீட்டரப் போட்டதால. அத விடு, கதைக்கு வேணும்னா வச்சுக்கோ. ஆனா இது தப்பு. டிஃப்புல நாலு ஜிகாபைட்டுக்கு மேல அடங்காது. ஆறுன்னா அது பிக்டிஃப். மாத்து."